மூன்றாவது பகுதி

ஜூன் 17, திங்கள்

ஸ்டர்லிங் போகும் ரயிலில் எழுதுகிறேன். நாளை முதல் கோடைப் பள்ளி. முனைவர் பட்டம் என்று வருஷக்கணக்கில் தனியாகப் புலம்புகிறவர்களை ஓரிடத்தில் கூட்டி, பருப்பு சூப்பும் அறிவுரையும் ஊற்றுவார்கள். ஆளுக்கு ஒரு வாசகர் ஜோடி உண்டு. ஒருவர் எழுதிய அத்தியாயத்தை மற்றவர் முன்கூட்டியே படித்து வர வேண்டும்.

என் ஜோடி ஸ்ட்ரூவன், ஆர்புரோத் என்ற கடலோர ஊர்க்காரன். கிறிஸ்துமஸ் கால நாடகங்களில் ஆண்கள் கட்டும் கிழவி வேஷத்தைப் பற்றி ஆராய்கிறான். அத்தியாயம் வந்து பல நாள் ஆகிறது. முதல் சில பக்கங்களைப் படித்தேன், நன்றாகவே இருந்தது. மிச்சத்தை ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பெர்த் தாண்டியும் என் உரையையே நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நெட்டாதான் எங்கள் குழுவுக்குப் பொறுப்பு. சிரித்துக்கொண்டே ஆளை வேலை வாங்குகிற பேராசிரியை. ஜோடி ஜோடியாக ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும், கையில் காகிதம் கூடாது. கூட இருப்பவரின் அத்தியாயத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, விட்டுவிட வேண்டியது ஒன்று, இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும். அது அவள் விதி. மழை தூறிக்கொண்டிருந்தது. இங்கே அதை யாரும் மழை என்று சொல்வதில்லை.

ஸ்ட்ரூவன் முதலில் பேசினான். நான் பூங்கா பெஞ்சுகளைப் பற்றி ஆராய்கிறேன் — இறந்தவர்கள் நினைவாகக் குடும்பத்தார் அவற்றில் பொறித்து வைக்கும் வாசகங்களை. என் அத்தியாயத்தை அவன் வரி விடாமல் படித்திருந்தான். ஓர் ஆண்டு தப்பாக இருந்ததைக்கூடப் பிடித்துவிட்டான். 'இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகலாம் என்பாள்' என்று ஒரு பெஞ்சில் இருக்கிறதே, அதை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதே என்றான். விட வேண்டியது? "அறிஞர்கள் பேரா அடுக்கி வெச்சிருக்கியே தாயே, யாருக்குப் பயம் காட்ட?" இருவரும் சிரித்தோம்.

அடுத்து என் முறை. முழுதும் படிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவன் அவ்வளவு அக்கறையாகப் படித்திருந்ததால்தான் வாய் வரவில்லை. தொடக்கத்தை வைத்துக்கொள் என்றேன். பிறகு என் நெறியாளர் என்னிடம் எப்போதும் சொல்வதை அப்படியே எடுத்துவிட்டேன்.

"மூணாவது பகுதி தனியா நிக்குது. அது இல்லேன்னா கட்டுக்கோப்பா இருக்கும்."

எந்த அத்தியாயத்தில்தான் மூன்றாவது பகுதி தனியாக நிற்காது? ஜோசியக்காரன் எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான் இதுவும்.

அவன் தலையாட்டினான். "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. முகத்துக்கு நேரா சொல்ல ஆளில்ல. நன்றி, இஷ்பெல்."

நன்றி!

ஜூன் 19, புதன்

காலைச் சாப்பாட்டில் ஸ்ட்ரூவன் நெட்டாவிடம், அந்தப் பகுதியை வெட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை நெறியாளருக்கு அப்படியே அனுப்பப் போகிறானாம். என்னைக் காட்டி, நல்ல வாசகி அமைவது அதிர்ஷ்டம் என்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

இன்றாவது அதைப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. மோசமாக எழுதியிருந்தால் தப்பித்தேன். இல்லாவிட்டால்?

ஜூன் 20, வியாழன்

ஸ்ட்ரூவன் இன்று உரை நிகழ்த்தினான். தேதிகள், அரங்குகள், உடைகள். எல்லாம் சரியாக இருந்தது, உயிர்தான் இல்லை. நெட்டா மெதுவாகக் கேட்டாள், இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று. அவன் என் பக்கம் பார்த்துப் புன்னகைத்தான். இருந்தேன், நல்ல யோசனை கேட்டு வெளியே வந்துவிட்டேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

இடைவேளையில் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்த மூன்றாவது பகுதியைப் படித்தேன்.

அவன் அப்பா ஆர்புரோத்தில் குழாய் ரிப்பேர் செய்தவர். டிசம்பர் வந்தால் ஊர் மன்ற நாடகத்தில் கிழவி வேஷம். மனைவி இறந்த வருஷமும் விடவில்லை. அந்த வருஷம் அவளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். அளவு சின்னது, அதனால் நொண்டி நொண்டி நடந்தார். சனங்கள் அந்த நடைக்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருஷமும் அந்த நடைதான் வேண்டும் என்றார்கள். சாகும்வரை அதே செருப்பு. யாருடைய செருப்பு என்று மகனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் போனது இந்த ஜனவரியில்.

செத்தவர்களை மறக்காதிருப்பதைப் பற்றி ஆய்வு செய்கிறவள் நான். இவன் அப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு சூப் குடித்தேன். அழுதேன். அழுது என்ன பிரயோசனம்?

ஜூன் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். கடைசி நாள் நடனத்துக்குக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனை வெளியே கூப்பிட்டு, மென்று முழுங்காமல் சொன்னேன். அன்று அந்தப் பகுதியை நான் படித்திருக்கவே இல்லை, நேற்றுதான் படித்தேன், அதை எடுத்துவிடாதே, அத்தியாயமே அதுதான் என்று.

கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

"நேத்து படிச்சேன்னு சொல்றதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

மன்னித்துவிடு என்று மட்டும் சொன்னேன்.

"படிச்சுட்டுப் பிடிக்கலைன்னு சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். அதை யாருக்கும் காட்டினதில்ல. நீதான் முதல் ஆளு."

உள்ளே போய்விட்டான். வரிசை ஆட்டத்தில் எல்லோரும் எல்லோர் கையையும் பிடித்துச் சுற்றியே ஆக வேண்டும். என் முறை வந்தபோது என் கையையும் பிடித்தான். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சுற்றிவிட்டு அடுத்தவளிடம் போனான்.

ஜூன் 24, திங்கள்

இன்றுதான் அவன் அனுப்பும் நாள். எதை அனுப்பினானோ?

ஜூலை 15

மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. வர வேண்டும் என்று நினைப்பதே பேராசை.

ஆகஸ்ட் 9

ஸ்ட்ரூவனிடமிருந்து மெயில். வணக்கமும் இல்லை, வார்த்தையும் இல்லை. மூன்றாவது பகுதி மட்டும் இணைப்பில் இருந்தது. நிறைய மாற்றியிருக்கிறான். செருப்பு இப்போது முதல் வரியிலேயே வருகிறது.

ஆகஸ்ட் 13

என் வேலை எதையும் தொடவில்லை. இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பாராட்டு ஒரு சொல்கூட எழுதவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. செருப்பு என்ன நிறம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா சிரித்தாரா என்பது எங்கும் வரவில்லையே என்றேன். பதினோராம் பக்கத்தில், சனங்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கலாம், அவருக்காகத்தான் சிரித்தார்களோ என்று எனக்குத் தோன்றியதையும் எழுதினேன். அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

பதில் வந்தது. முழுவதும் இதுதான்:

"பச்சை. பதினோராம் பக்கம் பத்தி நீ சொல்றது தப்பு. ஆனா படிச்சிருக்கே."