வால் நடுவில் எத்தனை வரிசை

12.8.2013, திங்கள்
மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. கொடியில் பாப்பா துணியெல்லாம் சுரங்கத்துக் கரித்தூள். மறுபடி அலசல்.
சுகந்தியிடமிருந்து மெயில். எம்.எஸ்சி.யில் எனக்குப் பக்கத்து மைக்ராஸ்கோப். இப்போதும் சென்னையில், எங்கள் புரொஃபசரின் அதே லேபில். ஆப்பிரிக்க நூல்பாம்பு ஒன்றின் படங்கள் அனுப்பியிருக்கிறாள். அரிய இனம், கிடைத்தவை மிகக் கொஞ்சம். நாங்கள் படித்தபோது எல்லாம் ஒரே பேரினம், இப்போது பிரித்தாயிற்று. இது எதில் சேரும்? வால் நடுவில் செதில் வரிசை பத்தா, பன்னிரண்டா என்பதை வைத்துத்தான் முடிவு.
“என் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். நீ தனியா எண்ணு. லேப்ல ஒரு இடம் காலி. சார் உன்னை விசாரிச்சார்.”
கடைசி வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

13.8, செவ்வாய்
பாப்பா தூங்கினதும் எண்ண உட்கார்ந்தேன். ஏழு, எட்டு... எதிர் குவார்ட்டர்ஸ் தனம் அக்கா வந்து கத்தல். அவர்கள் பாத்ரூமில் செவிப்பாம்பு, மண்புழு கனத்தில்.
“புள்ளைய தரையில போட்டுட்டு கம்ப்யூட்டர பாத்துக்கினு இருக்கியே. காதுல பூந்துக்கினா?”
“பூராதுக்கா. எறும்பு முட்டைய தின்னுட்டு மண்ணுக்குள்ள கிடக்கும். கண்ணே தெரியாது.”
“கண்ணு தெரியாததாலதான்டி வழி தப்பி காதுல பூருது.”
அவர் போனதும் பாப்பாவைக் கட்டிலில் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு காதும். விலங்கியலில் முதல் வகுப்பில் பாஸானவள் நான்.
திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணி, பன்னிரண்டு. அனுப்பியாயிற்று.

14.8, புதன்
வாங்க: ரவை, பாப்பா சோப், குழாய்க்கு வாஷர்.
குழம்பு கொதிக்கும்போதுதான் உறைத்தது. விட்ட இடம் எது? குறித்து வைக்கவில்லை. மறுபடி எண்ணினால் பத்து. இன்னொரு தடவை, பன்னிரண்டு. ஓரத்தில் படம் மங்கல். என் எண்ணை நம்பி அதைத் தப்பான பேரினத்தில் சேர்த்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அந்த இடம் கிடைக்காது.
சாயங்காலம் போன் பண்ணினேன். “சுகந்தி, என் எண்ணை எடுத்துக்காதே. பாதியில எழுந்து போயிட்டேன்.”
அவள் பின்னால் லேபின் பழைய ஃபேன் சத்தம், கடக் கடக்கென்று. இன்னும் மாற்றவில்லை.
“சார்கிட்ட சொல்லிட்டுக் கூப்பிடறேன்.”

16.8, வெள்ளி
கூப்பிட்டாள். படத்தில் எண்ணச் சொன்னதே தப்பு என்றாராம் சார். பாம்பை அது வந்த மியூசியத்துக்கே திருப்பி அனுப்ப இன்னும் பத்து நாள். “நேர்ல வந்து எண்ணச் சொல்லு” என்றும் சொன்னாராம். வேலையைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.
பாப்பா இன்னும் பால் மறக்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் போகணும். இப்போதே மூக்கில் ஸ்பிரிட் வாசனை. விரலில் சில்லென்று மைக்ராஸ்கோப்பின் குமிழ். வட்ட வெளிச்சத்துக்குள் ஒரு நூல்.
இவர் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம். “ரெண்டு நாள் சென்னை போகணும், ஒரு பாம்போட வாலைப் பாக்க” என்பேன். சிரிப்பார். சிரித்து முடிக்கும்வரை நிற்பேன்.