கிளெனிஸ் கேட்காத தொண்ணூறாயிரம்

ஜிலோங்
19 ஆகஸ்ட் 2018

அன்புள்ள டெஸ்ஸி,

செவ்வாய்க்கிழமை நம் அலுவலகத்தின் வீட்டுக்கடன் கோப்புகளைச் சோதிக்க வருகிறார்கள். அவர்கள் அனுப்பிய பட்டியலில் கிளெனிஸின் கோப்பும் இருக்கிறது.

அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்ததா? மால்டாவில், அதுவும் கோசோத் தீவில், இப்போது வெயில் கொளுத்தும். அவரைப் பகலில் வெளியே விடாதே. இங்கே குளிர்.

அரசு சட்டம் போடுமுன் நாமே திருந்திவிடுவோம் என்று வங்கிகளும் எங்கள் கடன் தரகர் சங்கங்களும் கூடிப் பேசி முடிவெடுத்தது உனக்குத் தெரியும். இனி வாடிக்கையாளர் உண்மையில் பயன்படுத்தும் தொகைக்கு மட்டுமே கமிஷன். இலக்கை எட்டினால் கிடைத்த வெளிநாட்டுப் பயணங்களும் இல்லை. வங்கிகளுக்கும் நமக்கும் நடுவே நிற்கும், நாம் சேர்ந்திருக்கும் தரகு நிறுவனமே பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கும். கூட்டத்தில் நானும் கை தட்டினேன்.

கிளெனிஸ், அதுதான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், கேட்டது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நான் எழுதியது மூன்று லட்சம். "மிச்சம் கடனோடு இணைத்த சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கட்டும், அங்கே கிடக்கும் வரை அந்தத் தொகைக்கு வட்டி ஏறாது" என்றேன். பொய் இல்லை. ஆனால் எனக்குக் கமிஷன் மூன்று லட்சத்துக்கும் வந்தது. அந்த ஆண்டு இலக்கை எட்டியதும், நாம் வியன்னா போனதும் அதனால்தான். உன்னிடம் சொல்லவில்லை. பணம் சும்மா கிடக்கவில்லை. அவள் மகன் சாப்பாட்டு வண்டி போட்டு முழுவதையும் தொலைத்தான்.

பக்கத்துத் தெருத் தரகர் டார்கோவிடம் சொன்னேன். "அவளே கேட்டதா ஒரு குறிப்பு எழுதி, பழைய தேதி போட்டு உள்ள செருகுடா. எவன் கண்டுபிடிக்கப் போறான்?" என்றான். எழுதியும் விட்டேன், டெஸ்ஸி. தேதி போடும் இடத்தில் பேனா நின்றது. கண்டுபிடித்தால் உரிமம் போகும். பழைய கடன்களுக்காக மாதாமாதம் வந்து நமக்குச் சோறு போடும் தொடர் கமிஷனும் அதோடு போகும். கண்டுபிடிக்காவிட்டால் அவள்தான் பேராசைக்காரி என்று அந்தத் தாள் என்றைக்கும் சொல்லும். கிழித்துப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என் வீட்டு மேல ஏறித்தான் வியன்னா போனீங்களா, ரெனோ? கேக்காவது நல்லா இருந்துச்சா?" என்றாள். பிறகு, "என் பையன் தொலைச்சதுல பாதி என் தப்பு. மீதி பாதி உங்களுது" என்றாள்.

போனில் சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய். நானும் அதற்காகவே காத்திருந்தவன்போல் நின்றிருப்பேன். அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வரும்போது என் உரிமம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. கோபப்படு, திட்டு, ஆனால் பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கிளெனிஸோடு பேசி முடித்தது இதுதான்: சோதனைக்கு வருமுன், நாளைக் காலையே, நிறுவனத்திடம் நானே உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தத் தொண்ணூறாயிரத்துக்கு அவள் கட்டும் மாதத் தவணை நானூற்று முப்பது டாலர்; அதில் இருநூற்றுப் பதினைந்து இனி மாதாமாதம் நாம் கட்ட வேண்டியது. அவள் ஓய்வு பெறும் வரை எட்டு ஆண்டுகள். என் தொழில் போனாலும் பணம் நிற்கக் கூடாது.

உன்
ரெனோ