சிங்கப்பூர் மாதிரி வேண்டுமென்றால்

அக்கா,

நேற்று மாலை நம் செம்பாக்கம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கூடியவர்கள்: செயலாளர், பொருளாளர், இரண்டாம் மாடி பேங்க் சார், அவர் மனைவி, உங்கள் மகள், நான். பேச்சு உங்களைப் பற்றி. நீங்கள் மட்டும் இல்லை.

நீங்கள் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவை அங்கேயே ஓதி, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட மகள் இடம் கேட்டிருந்தாள். உங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். செயலாளர் செருமிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. இங்க ஓதறதெல்லாம் ஆரம்பிச்சா நாளைக்கு ஒவ்வொருத்தரா கேப்பாங்க. நம்ம பிளாக்கை சிங்கப்பூர் மாதிரி நீட்டா வச்சிருக்கோம்."

வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன்.

நீங்கள் பாதி வாழ்க்கையைக் கழித்த ஊர் அது. மதியங்களில் என் சமையலறையில் கீரை ஆய்ந்தபடி நீங்கள் சொன்ன சிங்கப்பூரில் பளபளப்பு குறைவு. அடுக்குமாடிக்குக் கீழே வீடு கட்டாமல் காலியாக விட்டிருப்பார்கள்; ஒரு வாரம் மலாய்க்காரர் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுச் சாவு, இரண்டும் அங்கேதான் என்பீர்கள். ஒருமுறை அடுத்த கட்டடத்தின் கீழே ஒரு சீனத் தாத்தாவின் சவப்பெட்டி இருந்ததாம். மாப்பிள்ளை ஊர்வலம் அதைக் கடக்கும்வரை மேளத்தை அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நடந்ததாம்.

"எவ்வளவு நல்ல ஜனங்கக்கா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "அவங்களும் ஒரு காலத்துல அடிச்சிக்கிட்டவங்கதாம்மா. மலேசியாவோட சேர்ந்து, பிரிஞ்சு, குடிதண்ணிக்கே பக்கத்து நாட்டை நம்பி நின்னாங்க. இனியும் சண்டை போட்டா பொழைக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரே இனம் ஒரு கட்டடத்தை நிரப்பக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. பக்கத்துல உக்கார வச்சா பழகித்தானே ஆகணும்?"

எனக்குப் படிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் எதையும் சரிபார்க்காமல் ஏற்க மனம் வராது. நூலகத்தில் தேடிப் படித்தேன். பௌத்தர்கள்தான் அங்கே அதிகம், அவர்களும் பாதியைத் தொடவில்லை. மதமே இல்லை என்பவர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், தாவோ வழியினர், அதற்குப் பிறகுதான் இந்துக்களான நாங்கள். ஒரே தெருவில் மாரியம்மன் கோவிலும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும் நிற்கிற படத்தைக் காட்டினேன். "உங்க அம்மன் எங்களுக்குப் பக்கத்து வீடு" என்றீர்கள்.

நேற்று இதையெல்லாம் சொன்னேன். "மேடம், அங்க சட்டம் இருக்கு. இங்க நாம என்ன கவர்மென்டா?" என்றார் செயலாளர்.

"குப்பைக்கும் செருப்புக்கும் ரூல் போடறப்ப கவர்மென்டாத்தானே இருந்தோம், சார்?"

பேங்க் சாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செயலாளருக்குச் சுருக்கென்றது. "அப்ப உங்க விளக்கு பூஜையும் இங்க வேணாம்னா ஒத்துக்குவீங்களா?"

ஆடி வெள்ளிகளில் அந்தத் தரையைக் கழுவிக் கோலமிட்டு விளக்கேற்றுவது எனக்கு உயிர். முட்டி வலியோடு நீங்கள் எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனாலும் சொன்னேன்: "ஒத்துக்குவேன் சார். இவங்க ஓதக் கூடாத இடத்துல என் அம்மனும் உக்கார மாட்டா."

கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. மாடிப்படியில் உங்கள் மகள், "ஆன்ட்டி, எங்க அம்மா பேசுன மாதிரியே இருந்துச்சு" என்றாள். இருக்கட்டும். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது இந்த வாய்தான்.

இன்று பூஜை முடிந்ததும் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். பாத்திஹா கீழேதான் நடக்கும், முதல் நாளே தரையை நான் கழுவி வைப்பேன் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி கேட்கவில்லை. அன்று தன் காரை எங்கே நிறுத்திக்கொள்வார் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். "தயவுசெய்து சீக்கிரம் பதில் தரவும்" என்று முடித்திருக்கிறேன்.