செல்வி மதுரைக்குப் படிக்கப் போன பிறகு

செப்டம்பர் 12, வியாழன்

கடை திறந்தேன். கல்லா பக்கத்துல செல்வி உக்காருற ஸ்டூல் சும்மா கெடக்கு. பழக்கத்துல, "ஏளா, அந்த மல்லிப் பொட்டலத்த எடு"ன்னு சொல்லிட்டேன். சோப்பு வாங்க வந்த புன்னைக்காயல் அம்புரோஸ் சுத்திமுத்திப் பார்த்தான்.

"யாருகிட்டல பேசுத?"

"அரிசி மூட்டைகிட்ட. அதுன்னா எதுத்துப் பேசாது."

சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

நாற்பத்தொரு வயசுல என் பொண்டாட்டி சட்டக் கல்லூரி மாணவி! கல்லாவுல உக்காந்தே தபால்ல பி.ஏ. முடிச்சவ. மகளக் கட்டிக்கொடுத்த கையோட, "வக்கீலுக்குப் படிக்கட்டா?"ன்னு கேட்டா. "படி, மொத கேஸ என் மேல போடு"ன்னேன். மதுரையில நெசமாவே இடம் கிடைக்கும்னு யாரு கண்டா? எட்டாங்கிளாஸோட ஓடி வந்தவன் நான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

போன்ல பேசினா. வகுப்புல எல்லாரும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடுதாங்களாம். மொத நாள் ஒரு சார், யாரோட அம்மாவோ வந்திருக்காங்கன்னு நினைச்சு நாற்காலி போடச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு அடங்கல்ல. அவ சிரிக்கல்ல. பாடம் பூராவும் இங்கிலீஷ். கூடத் தங்கியிருக்க வடிவுன்னு ஒரு சின்னப் புள்ளதான் வரி வரியா அர்த்தம் சொல்லித் தாராளாம்.

இந்த வயசுல இது தேவையான்னு அவளே கேட்டுக்கிட்டா.

செப்டம்பர் 24, செவ்வாய்

மத்தியானம் திடீர்னு போன். "அம்புரோஸ் அண்ணன் என்ன இன்னைக்கு இவ்வளவு சாமான் வாங்கியிருக்காவ? வீட்டுல விசேஷமா?"

ஆடிப் போயிட்டேன். பொறவுதான் புரிஞ்சுது. கடையில ஒட்டியிருக்க கியூஆர் அவ பேங்க் கணக்குல உள்ளது. யாராவது போனைக் காட்டிக் காசு அனுப்பினா, இங்கன கல்லா மேல இருக்க ஸ்பீக்கர் டப்பா இத்தன ரூபாய் வந்துச்சுன்னு கத்துது, அங்கன அவ போன்ல பேரோட விழுது. மதுரையில இருந்துக்கிட்டே கடைய வேவு பாக்கா!

நல்லாத்தான் இருக்கு. ஸ்டூல்ல இருக்க மாதிரியே.

அக்டோபர் 3, வியாழன்

ஒரு கிறுக்குப் புத்தி வந்துட்டு எனக்கு. கடையில ஆள் இல்லாத நேரம் என் போன்ல இருந்து நானே ஒரு ரூபாய் போடுதேன். அங்க அவளுக்கு என் பேரு விழும். கூப்பிட்டுப் பேசினா வகுப்புக்கு இடைஞ்சல்; இதுல இடைஞ்சல் இல்ல பாருங்க.

"உங்களுக்கு என்ன, கழண்டு போச்சா?"ன்னு சாயங்காலம் திட்டினா. திட்டுதப்ப சிரிக்கது கேட்டுச்சு.

இன்னைக்கு மழை. வியாபாரமே இல்ல. டப்பா மட்டும் கத்திக்கிட்டே கெடந்துச்சு.

அக்டோபர் 20, ஞாயிறு

நேத்து வந்தா, இன்னைக்குப் போயிட்டா. வந்ததுல இருந்து கல்லாவ விட்டு எந்திரிக்கல்ல. பையில கொண்டுவந்த புத்தகத்த வெளிய எடுக்கவே இல்ல. நானும் எடுக்கச் சொல்லல்ல.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். திருச்செந்தூர் போற கூட்டம் எல்லாம் நம்ம ஆறுமுகநேரி வழியாத்தான். தண்ணி பாட்டிலு, பழம், பிஸ்கட்டு... டப்பா மூச்சு விடாம கத்துது. வருசா வருசம் செல்வி சஷ்டி விரதம் இருந்துக்கிட்டே இந்தக் கூட்டத்தச் சமாளிப்பா. மதுரையில இன்னைக்கு லீவு கிடையாது.

சாயங்காலம் அழுதுக்கிட்டே போன் பண்ணினா. வகுப்புல கோர்ட்டு மாதிரி நடத்திப் பாக்காங்களாம். இவ வாதாடுத முறை. மேசையில வச்ச போன் துடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, இவ கண்ணும் அதுலயே. பேச வேண்டியது மறந்து அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால நின்னுட்டா. "கடையா, காலேஜா, ஒண்ண முடிவு பண்ணிட்டு வாங்கம்மா"ன்னுட்டாராம் சார்.

"அத அமத்தி வைக்க வேண்டியதுதான?"

"அமத்தினாலும் கை அங்கதான போகுது. கடை தொறந்தியளா, சாப்பிடப் போனியளா, எல்லாம் அதுலதான் தெரியுது எனக்கு." மூக்க உறிஞ்சினா. "விட்டுட்டு வந்துரட்டா?"

வான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துட்டு.

"வந்தா எங்க உக்காருவ? உன் ஸ்டூல் இருந்த இடத்துல மூட்டை அடுக்கிட்டேன்"னேன். பட்டுன்னு வச்சிட்டா.

பொய். ஸ்டூல் அங்கனயேதான் கெடக்கு. என்ன மனுசன் நான்? அழுதவகிட்டயும் கேலிதானா? இடைஞ்சல் இல்லன்னு சொல்லிச் சொல்லி ஒத்த ரூபாயாப் போட்டு அவளப் பிடிச்சு இழுத்தது யாரு?

நவம்பர் 8, வெள்ளி

பேங்குக்குப் போய் கியூஆர என் கணக்குக்கு மாத்தச் சொன்னேன். அங்க இருக்க ஞானசௌந்தரி, "என்ன அண்ணாச்சி, அக்காகூடச் சண்டையா?"ன்னா.

"டைவர்ஸும்மா. வக்கீலும் அவளேதான், செலவு மிச்சம்."

வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. வெளிய வந்து பைக்க எடுத்தவன், கடையத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்தேன்.

நவம்பர் 13, புதன்

புது ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. பத்து மணிக்கெல்லாம் போன்.

"கடை பூட்டிக் கெடக்கா? உங்களுக்கு மேலுக்குச் சரியில்லையா? ஒண்ணுமே விழல்லயே!"

மாத்தினதச் சொன்னேன்.

"என்னைக் கேக்காமயா? நான் உக்காந்து வளத்த கடை அது. ஒரேயடியா வெளிய தள்ளிட்டியளோ?"

"ஆமா. படிச்சு முடிச்சிட்டு கேஸ் போட்டு வாங்கிக்க."

உனக்காகத்தான்ளான்னு சொல்லியிருக்கலாம். சொன்னா என் குரலு உடைஞ்சிரும். அத வச்சே பொட்டியக் கட்டிட்டு வந்துருவா.

நவம்பர் 17, ஞாயிறு

போன் இல்ல.

நவம்பர் 23, சனி

இந்த வாரமும் அவ போன் வரல்ல. கருவாடு கொண்டுவந்த அம்புரோஸ் என் மூஞ்சியப் பார்த்துட்டு, "ஏலே தாணு, பேசாம மதுரைக்கு பஸ் ஏறிப் போயிப் பாரு"ன்னான்.

"போனா கூட்டிட்டு வந்துருவேன்ல."

இதுக்கு அவன் சிரிக்கல்ல.

டிசம்பர் 8, ஞாயிறு

செல்வி கூப்பிட்டா! சண்டை போட்ட ஞாபகமே இல்லாத மாதிரி ஒரே பேச்சு. திரும்பவும் வாதாட விட்டாங்களாம். ஏதோ நிலத் தகராறு. எதிர்ப்பக்கம் நின்ன வடிவு பாவம், திணறிப் போனாளாம். சார் தலைய ஆட்டினாராம். நடுநடுவே இங்கிலீஷ் வேற ஓடுது. எனக்குப் பாதி புரியல்ல. ம், ம்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். பரீட்சை முடியுற வரைக்கும் ஊருக்கு வரமாட்டாளாம், பிள்ளைகளோட சேர்ந்து படிக்கணுமாம். அங்க யாரோ ஆன்ட்டின்னு கூப்பிட, "இந்தா வாரேன்டி"ன்னு சொல்லி வச்சிட்டா.

கடையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல்ல. சாப்பிட்டியளான்னும் கேக்கல்ல. மறந்துட்டா. நான் ஞாபகப்படுத்தல்ல.

வாசல்ல நின்ன அம்புரோஸ், "வக்கீலம்மா என்ன சொல்லுதாவ?"ன்னான்.

"உன்னைத்தான் ஒரு வார்த்தைகூட விசாரிக்கல்ல"ன்னேன்.