மூன்று கிளாஸ் தேநீரும் ஒரு சர்வரும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கையை முத்தமிட்டு மெஸியான் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்தப் பாலைவன ஊரான தமன்ராசெத்தின் வெயிலும் நலமாகவே இருக்கிறது.

தங்கை தஸ்ஸாதித் கல்யாணத்துக்கு வருவேனா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வானிலை நிலையத்துக்கு வந்த புது சர்வர் கணினி ஓடினால்தான் லீவு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதில் இருப்பது யாரும் அதிகம் பயன்படுத்தாத சிப். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ நான்கு நாள் முயன்றேன். சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். ஐந்து நிமிடம் பார்ப்பேன், அணைப்பேன், மறுபடி போடுவேன்.

நேற்று சுவிட்சைப் போட்டதுமே டிரைவர் அகமூக் தேநீருக்கு இழுத்துப் போனான். இங்கே மூன்று கிளாஸ் குடிக்காமல் எழுந்தால் அவமதிப்பு. நான் முதல் கிளாஸிலேயே எழுந்தேன்.

"உக்காருடா, கடற்கரைக்காரா! உன் பொட்டி என்ன ஒட்டகமா, ஓடிப்போக?"

மூன்றையும் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், எந்த மொழியில் நிறுவ வேண்டும் என்று திரை கேட்டுக்கொண்டிருக்கிறது! அந்த இயந்திரம் தன்னைத் தானே சோதித்து முடிக்கவே இருபது நிமிடம் ஆகுமாம். ஒவ்வொரு முறையும் பாதியில் அதன் கழுத்தை நெரித்தது நான்தான்.

இன்று சர்வர் ஓடுகிறது. மேலாளர் கைகுலுக்கினார். "இதை ஓட்ட உனக்கு மட்டும்தானே தெரியும்? லீவெல்லாம் அப்புறம் பாப்போம்" என்றார். அகமூக்குக்கும் தெரியும் என்று பொய் சொல்லிவிட்டேன். காலையிலிருந்து அவனுக்குப் பாடம் நடக்கிறது. "எனக்குக் கிளட்ச்தான்டா தெரியும்!" என்று கத்துகிறான். நாளை மேலாளர் அவனைச் சோதிக்கப் போகிறார்.

என் கறுப்புக் கோட்டை இடுப்பில் இரண்டு விரல் பிடித்துத் தைக்கக் கொடுங்கள். சாப்பிடுகிறேன், பயப்பட வேண்டாம். கடிதம் கொண்டுவரும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

மெஸியான்