சுவரில் தொங்கிய பள்ளிவாசல்

அண்ணை,

வருடக் கடைசியில் துருக்கிக் கடையில் இறைச்சி வாங்கினால் காலண்டர் ஒன்றும் இலவசமாகத் தருவார்கள். இந்த முறை அதில் உங்களுடைய பள்ளிவாசல். ஜேர்மனிக்குக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரனுக்காக இஸ்தான்புல்லில் காத்துக் கிடந்தபோது, முதலில் மழைக்கு ஒதுங்கி, பிறகு தினமும் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதே சுல்தான் காலத்துக் கட்டடம். எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வந்தது.

எண்பத்தாறில் கொலோன் அகதி விடுதியில் நமக்கு ஒரே அறை. ஊரில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்த நீங்கள் இங்கே உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் கட்டடம்தான் பேசுவீர்கள்.

"நடுக் கும்மட்டத்தின்ர பாரத்தை அரைக் கும்மட்டங்கள் வாங்குது. அதுகளின்ர பாரத்தைத் தூண் வாங்குது. ஒண்டும் தனியச் சுமக்கேல்லை, பார்."

கிண்ணங்களைக் கவிழ்த்துக் காட்டுவீர்கள். அதற்குள் சோறு அடிப்பிடித்துவிடும்.

அகதி விசாரணைக்கு உங்களைத் தயார்ப்படுத்தியவன் நான். வேறொரு நாட்டில் பத்திரமாகத் தங்கியிருந்தது தெரிந்தால் இங்கே மறுத்துவிடுவார்கள். வழியில் எங்கே தங்கினீர்கள் என்று நான் கேட்கக் கேட்க, "ஒரு இடமும் இல்லை" என்று கிளிப்பிள்ளை போலச் சொன்னீர்கள். உங்கள் மனைவியை, எனக்கு அக்கா ஆகிவிட்டவரை, பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட வேறு வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா?

அதிகாரியின் அறைச் சுவரிலும் ஒரு காலண்டர். அதே பள்ளிவாசல். நீங்கள் அதையே பார்ப்பதைக் கண்டு, "அழகு" என்றாராம் அவர். அத்தோடு விட்டிருக்கலாம். எழுந்து போய், படத்தில் விரலை வைத்து, மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு வாங்க, பாரம் இறங்கும் வழியை விளக்கியிருக்கிறீர்கள். உள்ளே போயிருக்கிறீர்களா என்று அவர் கேட்டதற்கு, "ஓம், மாரி முழுக்க அங்கதானே!"

அறைக்கு வந்து, "நல்ல மனிசன், வடிவாக் கேட்டவன்" என்று சொன்னீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு இழுபட்டு இழுபட்டு, அக்கா வந்து இறங்கியபோது மூத்தவனுக்கு மீசை அரும்பியிருந்தது. உங்களை அப்பா என்று கூப்பிட அவன் கூச்சப்பட்டான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தபோது வந்த கோபம், உங்களை அடக்கம் செய்த பிறகும் எனக்கு ஆறவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கவே போன கோடையில் இஸ்தான்புல் போனேன். சண்டைக்குப் போகிறவன் போலத்தான் உள்ளே நுழைந்தேன். அண்ணாந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஜேர்மன் பெண், "அழகு" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் கையை உயர்த்தி, நடுக் கும்மட்டத்தின் பாரத்தை அரைக் கும்மட்டங்கள் வாங்குகின்றன என்று சொல்லத் தொடங்கியிருந்தேன்.