பிழையில்லாத நானூறு நாள்

ஜூலை 9, செவ்வாய். சுரபாயா, இந்தோனேசியா

எங்கள் ரத்ததான மென்பொருள் நானூறு நாள் பிழையில்லாமல் ஓடியதாம். கேக் வெட்டினோம். மேலாளர் ஐயா, பாக் அதிவிஜயா, அரை மணி நேரம் பேசினார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 10

மருத்துவமனை ரத்த வங்கி அம்மா, இபு லாஸ்திரி, என்னை அழைத்தார். "ஓ நெகட்டிவ் வேணும்னு எட்டு மணிக்கே பதிஞ்சேன், வெனிங். ஒரு ஆள் வரல. பிரசவத்துக்கு வந்த பொண்ணு, ரத்தம் நிக்கல. போன வாரமும் இப்படித்தான், சொந்தக்காரங்கள வெச்சு சமாளிச்சோம்."

திரையில் பச்சை எழுத்து: 'செய்தி அனுப்பப்பட்டது.' ஓ நெகட்டிவ் கொடையாளர் பட்டியலிலிருந்து ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். "எனக்கு எதுவும் வரலையே!"

எண் இருந்த பதினேழு பேரையும் நாங்களே போனில் பிடித்தோம். நான்கு பேர் ஓடி வந்தார்கள். பிழைத்துவிட்டாள்.

ஜூலை 11

கண்டுபிடித்தேன். வேண்டுகோள் பதிவானதும், அதற்காகவே காதைத் தீட்டிக் காத்திருக்கும் ஒரு ஜாவா நிரல் எல்லாருக்கும் செய்தி அனுப்ப வேண்டும். வழியில் பிழை வந்தால் பிடிக்க ஓர் அடைப்புக்குறி. அதற்குள் — ஒன்றுமில்லை. பிடித்து, விழுங்கி, ஏப்பம்கூட விடாமல் 'அனுப்பியாச்சு' என்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்வி. இங்கே சோறே இல்லை.

எழுதியவர் பாக் அதிவிஜயா, மேலாளர் ஆவதற்கு முன்.

மாற்றினேன்: ஒருவருக்குப் போகவில்லையா, பெயரோடு குறித்து வை, எங்களிடம் கத்து, அடுத்தவருக்கு அனுப்பு.

ஜூலை 12

ஒரே நாளில் மூன்று பிழை. பாக் கூப்பிட்டார்.

"நீங்க கை வைக்கிற வரைக்கும் ஒண்ணுமே இல்லையே வெனிங்?"

"இருந்துச்சு பாக். வாயைக் கட்டி வெச்சிருந்தோம்."

சொல்லியிருக்கக் கூடாதோ? வேலை போயிடுமோ? போகட்டும். அந்தப் பொண்ணு செத்திருந்தா கேக்குல என்னத்த எழுதியிருப்பாரு?

ஜூலை 15

மூன்று பிழையும் ஒரே ஆளால். போன மாதம் பதிந்த கொடையாளி, ஓ நெகட்டிவ் பட்டியலில் முதல் பெயர். தொலைபேசி எண் கட்டம் காலி. நிரல் அங்கேயே தடுக்கி விழுந்ததால் பின்னால் இருந்த பதினேழு பேருக்கும் அன்று எதுவும் போகவில்லை.

பெயர்: அதிவிஜயா.

அந்தப் பக்கத்தை அச்சிட்டு அவர் மேசையில் வைத்தேன்.

"பத்திரிகைக்காரங்க படம் எடுக்கணும்னாங்க, அதான் பதிஞ்சேன்... எனக்கு ஊசின்னா..."

எண்ணை அவரே தட்டினார்.

ஜூலை 24, புதன்

காலைக் கூட்டத்தின் நடுவே பாக் கைபேசியில் எங்கள் மென்பொருளின் செய்தி ஒலித்தது. படித்தார். முகம் வெளுத்தது. எழுந்து போய்விட்டார்.

மதியம் திரும்பியபோது முழங்கை மடிப்பில் பிளாஸ்டர். சாயங்காலம் வரை சட்டைக் கையை அவர் இறக்கிவிடவே இல்லை.